அடிக்குறிப்பில் தங்கிவிட்ட பெயர்

மின்தடையைத் துல்லியமாக அளக்கும் வீட்ஸ்டோன் சமனச்சுற்றை இயற்பியல் மாணவர் அனைவரும் அறிவர். ஆயினும் அதனை முதலில் கண்டவர் சார்லஸ் வீட்ஸ்டோன் அல்லர்.

வூல்விச் இராணுவக் கழகத்தில் கணிதம் கற்பித்த சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி, 1833ஆம் ஆண்டிலேயே இவ்வமைப்பை இலண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் விளக்கியிருந்தார். உலோகங்களின் மின்கடத்து திறனை ஒப்பிடுவதே அவர் நோக்கம். காந்தத்தால் தூண்டப்படும் மின்னோட்டம் பற்றிய நீண்ட கட்டுரையொன்றின் நடுவே அவ்விளக்கம் அமைந்திருந்தது.

பத்தாண்டுகள் கழித்து, 1843இல், இலண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியரான வீட்ஸ்டோன் அதே சபையில் ஆற்றிய உரையில் இதனை மின்தடை அளக்கும் பொதுக் கருவியாக வளர்த்தெடுத்தார். இம்முறையின் முதல் எண்ணம் கிறிஸ்டிக்கே உரியது என்று அடிக்குறிப்பில் அவரே தெளிவாக எழுதினார். அடிக்குறிப்பு மறக்கப்பட்டது, பரப்பியவரின் பெயரே நிலைத்தது.

இம்முறையின் சிறப்பு, அளப்பதைத் தவிர்த்து ஒப்பிடுவதில் உள்ளது. நான்கு தடைகள் சாய்சதுரமாக இணைகின்றன. ஒரு மூலைவிட்டத்தில் மின்கலம், மற்றொன்றில் கால்வனோமீட்டர். முள் சுழியில் நிற்கும்போது, ஒரு பக்கத்துத் தடைகளின் விகிதம் மறுபக்கத்து விகிதத்துக்குச் சமம். மின்கலம் வலுவிழந்தாலும் இச்சமநிலை மாறுவதில்லை. கால்வனோமீட்டர் மின்னோட்டத்தின் அளவைச் சரியாகக் காட்டவேண்டியதில்லை. அது இல்லை என்பதை உணர்ந்தால் போதும்.

உணரிகளின் வரலாறு இவ்வடித்தளத்தின் மீதே எழுந்தது. பிளாட்டினம் வெப்பமானியை 1887இல் செம்மைப்படுத்திய ஹியூ காலண்டர், இணைப்புக் கம்பிகளின் தடையும் வெப்பத்தால் மாறி அளவீட்டைக் கெடுப்பதை எதிர்கொண்டார். அதே போன்ற வெற்றுக் கம்பி இணையொன்றை ஒப்பீட்டுப் புயத்தில் சேர்த்து அப்பிழையை நீக்கினார். 1938இல் சிம்மன்ஸ், ரூஜ் ஆகிய இருவரும் தனித்தனியே உருவாக்கிய திரிபு உணரிக்கும் இச்சுற்றே துணை. 120 ஓம் தடையுள்ள உணரி ஆயிரத்தில் ஒரு பங்கு நீண்டால், தடை ஏறத்தாழ 0.24 ஓம் மட்டுமே உயரும். சமனச்சுற்று அந்த 120 ஓமை ஈடுசெய்துவிட்டு, எஞ்சிய சிறு மாற்றத்தை மட்டும் வெளிக்காட்டுகிறது. இன்றைய மின்னணு எடைக்கருவிகளும் இவ்வாறே இயங்குகின்றன.

ஆங்கிலத்தில் இது ‘பிரிட்ஜ்’. இரு கிளைகளுக்குக் குறுக்கே பாலமாக நிற்கும் இணைப்பை அச்சொல் சுட்டுகிறது. தமிழ்க் கலைச்சொல்லோ வடிவத்தை விடுத்துச் செயலைப் பெயராக்கியது. ‘சமனம்’ என்ற சொல்லிலேயே தத்துவம் முழுவதும் அடங்கியுள்ளது. முன்னொட்டாக நிற்கும் ஆள்பெயர்தான் வரலாற்றைப் பாதியே சொல்கிறது. பாடநூல்கள் கிறிஸ்டிக்கு ஒரு வரி ஒதுக்கினால், வீட்ஸ்டோன் தாமே எழுதிவைத்த நன்றி 180 ஆண்டுகளுக்குப் பின்னரேனும் உரிய இடம் சேரும்.