எட்டாம் வகுப்பு விஞ்ஞானப் பரீட்சை (டிம்ஸ்)

கல்விச் சாதனை மதிப்பீட்டுக்கான சர்வதேசச் சங்கம் 1995 தொட்டு நான்காண்டுக்கு ஒருமுறை பல தேசங்களில் நடத்திவரும் கணித, விஞ்ஞான ஆய்வான டிம்ஸின் ஓர் அங்கம். வினாக்களில் உயிரியல் 35, பௌதிகம் 25, ரசாயனம் 20, பூமி சாஸ்திரம் 20 சதவீதம் இடம்பெறும். வினாக்கள் யாவும் பல சிற்றேடுகளாகப் பகுக்கப்பட்டு, ஆளுக்கொன்றாக வழங்கப்படுவதால், எந்தக் குழந்தையையும் களைப்புறச் செய்யாமலே பாடம் முழுவதையும் சோதிக்க இயலுகின்றது. இதுவே இம்முறையின் தலையாய சிறப்பெனக் கருதத் தகும். தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதோடு அமையாமல், காரணத்தைச் சொந்த வாக்கியத்தில் எழுதுமாறு கேட்கும் வினாக்களும் உண்டு. மாணாக்கரின் மனத்தில் வேரூன்றிய பிழையான கருத்துக்களை ஆசிரியருக்குத் தெளிவாகக் காட்டுபவை இவையே. மதிப்பெண் அளவுகோலின் நடுப்புள்ளி 500. 2019 முதல் கணினி வழியாகவும் நடைபெறுகிறது.