செல் கழித்த துண்டு

உயிர்மூலக்கூறுகளைக் கொண்டு சிலிக்கா நானோ துகள் தயாரிக்கும் முறையைப் பற்றி எழுதுகிறவர்கள், ‘இயற்கையைப் பார்த்துக் கற்றது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த முறை பிறந்த கதையைப் படித்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சிலிக்கா துகள் செய்ய 1968-ல் ஸ்டோபரும் அவருடைய சகாக்களும் வகுத்த வழக்கமான செய்முறையில் ஆல்கஹாலும் அம்மோனியாவும் வேண்டும். டயாட்டம் எனும் ஒற்றைச்செல் பாசியோ வெறும் தண்ணீரில், அறை வெப்பத்தில், சித்திர வேலைப்பாடுள்ள சிலிக்கா ஓட்டைக் கட்டிக்கொள்கிறது. அதன் ரகசியம் எந்த மூலக்கூறில் இருக்கிறது என்று தேடிய ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் குரோகர், டாய்ட்ஸ்மன், சும்பர் மூவரும் 1999-ல் விடையை வெளியிட்டார்கள். ஓட்டை ஹைட்ரஜன் ஃபுளோரைடில் கரைத்தபோது உள்ளே சிறு புரதங்கள் கிடைத்தன. சிலாஃபின் என்று பெயரிட்டார்கள். சிலிசிக் அமிலக் கரைசலில் அவற்றைச் சேர்த்ததும் சில நொடிகளில் நுண்ணுருண்டைகள் படிந்தன.

ஆனால் அவர்கள் கையில் கிடைத்தது முழுச் சிலாஃபின் அல்ல. ஹைட்ரஜன் ஃபுளோரைடு சிலிக்காவைக் கரைப்பதோடு நிற்காமல், புரதத்தில் ஒட்டியிருந்த பாஸ்பேட்டுகளையும் கழற்றிவிட்டிருந்தது. சோதனைக் கரைசலில் பாஸ்பேட் இருந்ததால் குறை வெளியே தெரியவில்லை. 2002-ல் அதே குழு அம்மோனியம் ஃபுளோரைடைக் கொண்டு பக்குவமாகப் பிரித்தெடுத்தபோதுதான், அதன் செரின் அமினோ அமிலம் ஒவ்வொன்றிலும் பாஸ்பேட் இருப்பது தெரிந்தது; முழு மூலக்கூறுக்கு வெளியிலிருந்து பாஸ்பேட் எதுவும் தேவைப்படவில்லை. அதற்குள் ஆய்வகங்கள் ஆர்5 என்ற பெப்டைடைப் பிடித்துக்கொண்டிருந்தன. சிலாஃபின் மரபணு சொல்லும் வரிசையின் ஒரு பகுதி அது: 19 அமினோ அமிலங்கள், அலங்காரம் ஏதுமின்றி இயந்திரத்தில் கோத்தது. அதன் வாலில் உள்ள நான்கு அமினோ அமிலங்களைச் செல் வெட்டிக் கழித்துவிடுகிறது. முதிர்ந்த சிலாஃபினில் அவை இல்லை. ஆர்5 வேலை செய்ய அந்த வால் அவசியம் என்று 2003-ல் தெரியவந்தது. செல்லின் சிலாஃபின் அமிலத்தன்மையுள்ள சூழலிலேயே சிலிக்காவைப் படியவைக்கும். ஆர்5-க்கோ நடுநிலைக் கரைசல் வேண்டும். நகல் என்று இதைச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. மூலத்திலிருந்து உதிர்ந்த துண்டுக்கு ஆய்வகம் வேறொரு வேலை கொடுத்தது என்பதே பொருத்தம்.

அப்படியானால் டயாட்டம் எதற்கு, நைட்ரஜன் சேர்மமான அமீன் ஏதாவதொன்று போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பாலிஅமீன்கள் சிலிசிக் அமிலத்தைத் திரளச் செய்யும் என்று 1998-லேயே ஜப்பானிய வேதியியலாளர்கள் காட்டியிருந்தார்கள். ஆனால் சிலாஃபினின் லைசின் அமினோ அமிலங்களில் தொங்கும் நீண்ட அமீன் சங்கிலிகளைப் பார்த்த பிறகுதான் அந்த வேதியியலுக்கு உயிரினத்தில் இருக்கும் இடம் விளங்கியது. நொதி போன்ற மென்மையான பொருள்களை இப்படிப் படியும் சிலிக்காவில் பொதிந்து வைக்கும் எண்ணமும் பிறகு வலுப்பெற்றது. ஆர்5 உருண்டைகளைத்தான் தருகிறது, ஓட்டின் சித்திர வேலையைத் தரவில்லை என்பது இன்னொரு குறை. உண்மைதான், ஓடுதான் வேண்டுமென்றால் இந்த முறை தோல்வி. ஆனால் 2004-ல் அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தினர் ப்யூட்டிரைல்கோலின்எஸ்டரேஸ் என்ற நொதியை ஆர்5 உருவாக்கிய சிலிக்காவுக்குள் அடைத்து, அதன் செயல்திறன் குலையாமல் வைத்துக் காட்டினார்கள். ஆல்கஹாலும் அம்மோனியாவும் கலந்த ஸ்டோபர் கரைசலில் பல நொதிகள் உருக்குலைந்துவிடும். விமானப்படை ஆய்வகத்தினரின் சோதனைக்கு வேண்டியிருந்தது நொதி தாங்கும் நடுநிலைத் தண்ணீரும், அதைச் சுற்றி நிமிடங்களில் படியும் சிலிக்காவும் மட்டுமே. சித்திர வேலைக்கு அங்கே தேவையே எழவில்லை.