லாத்தூர் பில்: ஒரு மறுவாசிப்பு

வறட்சியில் தவித்த மகாராஷ்டிரத்தின் லாத்தூருக்கு ரயிலில் குடிநீர் கொண்டுசென்றதற்காக 2016 மே மாதம் மத்திய ரயில்வே அந்த மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பிய 4 கோடி ரூபாய் பில், வறட்சி நிர்வாகம் குறித்த எழுத்துகளில் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வாசிக்கப்படுகிறது: தாகத்தில் தவித்த ஊரிடம் ரயில்வே காசு கேட்டது என்று. தொகையைக் கண்ட இந்த வாசிப்பு, பில் பிறந்த விதத்தைக் காணவில்லை.

பில்லைக் கேட்டதே மாவட்ட நிர்வாகம்தான் என்று மத்திய ரயில்வேயின் பொது மேலாளர் அப்போதே விளக்கினார். கட்டுவதா, உரிய வழியில் தள்ளுபடி கோருவதா என்பதை நிர்வாகமே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் சொன்னார். கடன் கொடுத்தவர் பேசும் பேச்சா இது? ஒரு தரப்பின் விளக்கம் என்பதால் இதை எச்சரிக்கையுடனேயே கையாள வேண்டும். ஆயினும் காலவரிசை அதற்கு இசைவாகவே நிற்கிறது. மிரஜிலிருந்து முதல் ரயில் 10 வேகன்களில் 5 லட்சம் லிட்டர் நீருடன் லாத்தூரை அடைந்தது ஏப்ரல் 12 அன்று. பில் வந்தது ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து. கட்டணத்தை முன்பே பேசி முடித்திருந்தால் தள்ளுபடி என்ற பேச்சுக்கே இடமிருந்திராது. ஓடத் தொடங்கிவிட்ட வண்டிக்குப் பின்னர் எழுதப்பட்ட செலவுப் பங்கீட்டு ஒப்பந்தத்தின் முதல் வரைவாகவே அந்தப் பில்லைக் கொள்ள வேண்டும்.

தொகையும் இதற்குத் துணை நிற்கிறது. பில் வருவதற்குள் லாத்தூருக்குக் கொண்டுசென்ற 6.20 கோடி லிட்டர் நீருக்கு 4 கோடி ரூபாய் என்றால் லிட்டருக்குச் சுமார் 65 பைசா. 2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 25 லட்சம் லிட்டருடன் ஓடத் தொடங்கிய ரயிலுக்குச் சென்னைக் குடிநீர் வாரியம் ஒப்புக்கொண்டது நடைக்கு 7.5 லட்சம் ரூபாய்; அதாவது லிட்டருக்கு 30 பைசா. மிரஜ்–லாத்தூர் தூரம் 342 கி.மீ.; சென்னை வழித்தடம் 200 கி.மீ.க்குச் சற்று மேல். தூரத்துக்கு ஏற்பக் கூட்டினாலும் சென்னை விகிதம் 50 பைசா அளவிலேயே நின்றுவிடும். தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கான சரக்குக் கட்டணம் குறைவதே ரயில்வே வழக்கம் என்பதால், உண்மை இடைவெளி இதைவிடப் பெரிதாகவும் இருக்கலாம்.

நடைக்கு 5 லட்சம் லிட்டரே சுமந்து தொடக்கத்தில் லாத்தூருக்கு ஓடிய 10 வேகன் வண்டிகள் இந்த வேறுபாட்டில் ஒரு பங்கை விளக்கக்கூடும், முழுவதையும் அல்ல. சென்னையில் இழுப்பது ரயில்வே, குழாய் பதிப்பதும் இறக்கிய நீரைக் கீழ்ப்பாக்கம் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்வதும் வாரியம் என்று பொறுப்பு பிரிந்திருந்தது, விலையும் பேசப்பட்டிருந்தது. லாத்தூரில் பேரம் பேச வேண்டிய தரப்பு பில் வந்த பிறகே கணக்கைப் பார்த்தது.

உயிர் காக்கும் வேளையில் கணக்கு எதற்கு என்ற ஆட்சேபத்துக்கு நீண்ட பதில் வேண்டியதில்லை. விலை பேசியதால் சென்னை ரயில் நின்றுவிடவில்லை.

அந்த 4 கோடி சரக்குப் போக்குவரத்துக்கு மட்டுமே. மிரஜில் நீரைச் சுத்திகரித்து வேகன்களில் நிரப்பியதற்கும், லாத்தூரில் இறக்கிய நீரை டேங்கர் லாரிகளில் வார்டுகளுக்குக் கொண்டுபோனதற்கும் ஆன செலவு அதில் சேராது. லாத்தூர் மாநகராட்சியின் பங்கை மதிப்பிட விரும்புபவர்கள் அந்தச் செலவிலிருந்தே தொடங்க வேண்டும்.