பாழில் குடியிருப்போர்

மதுரை விளக்குத்தூண் பக்கம் சேலை எடுக்கப் போனவர்களுக்குப் பத்துத்தூண் சந்து தெரிந்திருக்கும். ஜவுளிக்கடைப் பலகைகளுக்கு நடுவே, எந்தக் கூரையையும் தாங்காமல் பத்துத் தூண்கள் நிற்கும். டி. கல்லுப்பட்டியிலிருந்து எங்க வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் ஜவுளி அங்கேதான். பெரியவர்கள் பேரம் பேசி முடிக்கும்வரை எங்களுக்கு வேடிக்கை, தூணடியில் சுருண்டு கிடக்கும் பூனைகள். அந்தத் தூண்கள் திருமலை நாயக்கர் அரண்மனையின் மிச்சம் என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

1636இல் கட்டப்பட்ட அரண்மனை அது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. இடித்தது எதிரிப் படை என்று நினைத்தால் தவறு. திருமலையின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பெயர்த்தெடுத்துப் போனதுதான் அதிகம் என்கிறார்கள். தாத்தா கட்டிய வீட்டைப் பேரன் பிரித்து விற்பது நம்ம ஊரில் புதுசா என்ன!

1792இல் தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் மதுரைக்கு வந்து இந்த இடிபாட்டை வரைந்தார்கள். லண்டன் திரும்பியபின் அது அச்சுப்படமாக வந்தது. 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 144 படங்களில் மதுரை அரண்மனையும் உண்டு. செப்புத் தகட்டில் குங்கிலியத் தூளைத் தூவிச் சூடாக்கி, அமிலத்தில் அரிக்க விடுவார்கள். துகள் ஒட்டிய இடம் தப்பிக்கும், இடைவெளி குழிந்து மை பிடிக்கும். எவ்வளவு நேரம் அரிக்கிறதோ அவ்வளவு கறுப்பு. காரை உதிர்ந்த சுவருக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடையாது. தகடும் சுவர் மாதிரியே அரிபட்டுத்தான் படமாகிறது.

அன்றைய ஐரோப்பிய ரசனைக்கு இடிபாடு அழகாக இருக்க வேண்டும். மனிதர்கள் இருக்கலாம், ஆனால் சின்னதாக, கட்டடத்தின் உயரத்தைக் காட்டும் அளவுகோலாக. பூனையைத் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் பாழடைந்த இடம் என்றால் யாரும் வாழாத இடம் என்ற எண்ணம் இப்படிப்பட்ட படங்கள் வழியாகத்தான் நமக்குள் ஏறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. எங்க ஊரிலேயே 1976இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு செய்தது. அதை யாரும் அச்சுப்படமாக்கவில்லை. தூண் நின்றால்தான் இடிபாடு. மண்ணுக்குள் பானை கிடந்தால் அது வெறும் மேடு.

ரோமில் கதை வேறு. லார்கோ ஆர்ஜென்டினாவில் 1920களின் இறுதியில் நான்கு பழங்கோயில்களைத் தோண்டி எடுத்தார்கள். பள்ளத்தில் பூனைகள் குடியேறிவிட்டன. இப்போது அந்தத் தூண்களைப் பூனை இல்லாமல் யாரும் வரைவதே இல்லை. 1991இல் வந்த இத்தாலியச் சட்டம் ஒன்று தெருப்பூனைகள் வாழும் இடத்திலேயே வாழ உரிமை கொடுத்தது.

நமக்குச் சிற்பம் இருக்கிறது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்தில், 7ஆம் நூற்றாண்டிலேயே, ஒரு பூனைக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். மேலே விலா எலும்பு தெரிய ஒற்றைக்காலில் தவம் செய்யும் மனிதர். கீழே அதே மாதிரி கை தூக்கி நிற்கும் பூனை, அதைச் சுற்றி எலிகள். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்தில் கங்கைக்கரையில் தவவேடம் போட்டு எலிகளைத் தின்ற பூனையின் கதை வருகிறது. துரியோதனன் பாண்டவர்களைக் குத்திக்காட்ட அதைத்தான் சொல்லி அனுப்புகிறான். ருத்ராட்சப் பூனை என்று நாம் திட்டுவதும் இந்த வகையறாவைத்தான்.

ஆனால் அந்தச் சிற்பி பூனையைத் திட்டுவதாக எனக்குப் படவில்லை. வயிற்றை எக்கி நிற்கும் அந்த உடம்பைத் தினமும் பூனை பார்க்கிறவர்தான் செதுக்க முடியும். தவசிக்குக் கொடுத்த அதே கவனத்தை அதற்கும் கொடுத்திருக்கிறார்.

மதுரை அரண்மனையைப் பின்னால் நேப்பியர் பிரபு ஆளுநராக இருந்தபோது பழுதுபார்த்தார்கள். 1970 வரை அங்கே நீதிமன்றம் நடந்தது. வாய்தாவுக்கு வந்தவர்கள் அந்தத் தூண்களில்தான் சாய்ந்து காத்திருந்திருப்பார்கள். அவர்களையும் யாரும் வரையவில்லை. 1971இல் அது பாதுகாக்கப்பட்ட சின்னமானது. இப்போது உள்ளே போக டிக்கெட் எடுக்க வேண்டும், பூனைகளைத் தவிர.