டமாஸ்கஸ் வாளும் தென்னாட்டு உருக்கும்

டமாஸ்கஸ் வாளை அடிமையின் உடலிற் செருகிப் பதமேற்றினர் என்றொரு கதை மேனாட்டில் நெடுங்காலம் உலவிற்று. கதை கட்டியோர்க்கு அடிமையின் உயிர் அவ்வளவு மலிவு! உண்மை வேறு. வாளின் மேனியில் நீரோட்டம் போல் ஓடும் கோடுகளுக்கு, இரும்பிற் கலந்த சிறிதளவு வனேடியம் முதலியனவே காரணம் என வெர்ஹோவன் குழுவினர் 1998-இல் எழுதினர். அத்தகு தாது கிட்டாமற் போகவே கலையும் அழிந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. 2006-இல் டிரெஸ்டன் அறிஞர் பழைய வாளொன்றில் நுண்ணிய கரிமக் குழாய்களையும் கண்டனர்.

வாளுக்குரிய உருக்குக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்து மேற்காசியாவுக்குச் சென்றவை. சேலம் பகுதியில் இரும்போடு ஆவாரங்குச்சியும் எருக்கிலையும் மண்மூசையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து உருக்கியதை 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் விரிவாகக் குறித்துள்ளனர். மூசை வனைந்தோர், துருத்தி ஊதினோர் எவரெனத் தேடினோம். நாம் கண்ட குறிப்புகளில் எருக்கிலைக்குப் பெயர் உண்டு; அவர்க்கு இல்லை.