கடல் இரைச்சல் யாருடைய கணக்கில?

1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவான 'ஓட்ரி' 0 முதல் 9 வரையான இலக்கங்களைக் கேட்டு அடையாளம் கண்டது. ஆனால் பழகின குரலாக இருக்கோணும், நிறுத்தி நிறுத்திச் சொல்லோணும்.

இரைச்சலுக்கு 1979இல் ஸ்டீவன் பொல் ஒரு வழி சொன்னார்: ஆள் கதைக்காத நேரத்தில் இரைச்சலை அளந்து, கதைக்கும்போது அதைக் கழிப்பது. சீராக ஓடும் எஞ்சின் சத்தத்துக்கு இது சரிவரும். ஏறி இறங்கும் அலைக்கு அவ்வளவாக வராது.

2000இல் வந்த 'அரோரா-2' சோதனைத் தொகுப்பு, ஆங்கில இலக்கங்களோடு எட்டு வகை இரைச்சலைக் கலந்தது: சுரங்க ரயில், கார், உணவகம், விமான நிலையம் இப்படி. எல்லாம் நகரத்துச் சத்தம். கடல் இல்லை.

பிறகு கடலைச் சேர்த்தால் போதாதா? போதாது. இரைச்சலுக்குள் மனிதர் குரலை உயர்த்துவதை 1911இலேயே லொம்பார்ட் எழுதிவிட்டார். உச்சரிப்பும் சேர்ந்தே மாறும். வினாயகபுரம் கரையில் வலை இழுத்தபடி கூப்பிடும் குரல், அறைக்குள் பதிந்த குரல் இல்லை.

2022இல் வந்த 'விஸ்பர்' 6,80,000 மணிநேர ஒலியில் பழகியது. அதிலும் பெரும்பகுதி ஆங்கிலம். எங்கட பேச்சு அதுக்கு விளங்கோணும் எண்டால், கரையில நிண்டே பதியோணும். அந்த வேலையை நாமதான் தொடங்கோணும்.