ரேச்சல் ரூய்ஷின் பூ ஓவியங்கள்

டச்சு ஓவியர் ரேச்சல் ரூய்ஷ் (1664–1750) அறுபது ஆண்டுகளுக்கு மேல் தைல வண்ணத்தில் பூக்களை வரைந்தவர். ஹேக் நகரில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வளர்ந்தார். தந்தை ஃபிரெடெரிக் ரூய்ஷ் உடற்கூறியல் அறிஞர், தாவரவியல் பேராசிரியர். உலர்த்திய செடிகளும் பூச்சிகளும் பாடம்செய்த உடலுறுப்புகளும் நிறைந்த அவரது சேகரிப்பை 1717இல் ரஷ்யப் பேரரசர் பீட்டர் விலைக்கு வாங்கினார். அந்த வீட்டில் வளர்ந்த மகளுக்கு வண்ணத்துப்பூச்சியின் இறகை ஊகித்து வரையும் தேவையே இருக்கவில்லை.

15 வயதில் ஓவியர் வில்லெம் வான் ஆல்ஸ்டிடம் மாணவியானார். பூங்கொத்தைச் சமச்சீராக அடுக்காமல் ஒருபுறம் சாய்த்து அமைக்கும் முறை அவரிடம் கற்றது. தொடக்ககால ஓவியங்கள் சிலவற்றில் காட்டுத்தரையைத் தீட்டும்போது நிஜப் பாசியையே ஈர வண்ணத்தில் ஒற்றி எடுத்திருக்கிறார்.

அவர் வரைந்த பூங்கொத்துகள் எந்த ஜாடியிலும் இருந்தவை அல்ல. வசந்தத்தின் டியூலிப்பும் கோடையின் ரோஜாவும் அவற்றில் ஒருசேர மலர்ந்திருக்கும். தனித்தனியே பார்த்துப் பழகியவற்றை ஓவியத்தில்தான் அவர் ஒன்றுசேர்த்தார். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் இலங்கை போன்ற தொலைநாடுகளிலிருந்து கொண்டுவந்த செடிகள் ஆம்ஸ்டர்டாம் தாவரத் தோட்டத்தில் வளர்ந்தன. அங்கே பொறுப்பில் இருந்தவர் அவருடைய தந்தை. கருத்த பின்னணியில் வெளிறிய பூக்கள் ஒளிர, காம்புகள் வளைந்து ஓவியத்தின் குறுக்கே ஓடும். கிட்டே போனால் புழு அரித்த இலையும், ஊர்ந்து செல்லும் எறும்பும் தென்படும். அடிவண்ணம் காய்ந்தபின் மெல்லிய வண்ணப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசியதால்தான் இதழ்களுக்கு அந்த ஆழம் வந்தது. அக்காலத்து டச்சுப் பூ ஓவியங்கள் பலவற்றில் இலைகள் இன்று நீலம்பாய்ந்து தெரிவதற்குக் காரணம், பச்சையில் கலந்திருந்த மஞ்சள் சாயம் வெளுத்துப்போனதே.

1693இல் உருவப்பட ஓவியர் யூரியான் பூலை மணந்தார். பத்துப் பிள்ளைகள் பிறந்தும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. 1701இல் ஹேக் ஓவியர் சங்கத்தில் உறுப்பினரானார். டுசல்டார்ஃபில் ஆட்சிசெய்த யோஹன் வில்லெமின் அரசவை ஓவியராக 1708 முதல் 1716 வரை இருந்தார். அக்காலத்தில் வரைந்த, 1711ஆம் ஆண்டின் கனிகளும் பூச்சிகளும் கொண்ட ஓவியம் இன்று ஃபிளாரன்ஸின் உஃபிட்ஸி அருங்காட்சியகத்தில் உள்ளது. அவர் ஓவியங்கள் 750 கில்டருக்கும் அதற்கு மேலும் விலைபோயின. ரெம்பிராண்டுக்கே 500 கில்டருக்கு மேல் கிடைத்தது அபூர்வம். 1723இல் குடும்பத்துக்கு லாட்டரியில் 75,000 கில்டர் பரிசு விழுந்தது.

1747இல் முடித்த ஓவியத்தில் கையெழுத்தோடு தன் வயதையும், 83 என்று, எழுதியிருக்கிறார். 2024 இறுதியில் மியூனிக்கின் ஆல்ட்டே பினகோதேக்கில் தொடங்கிய பெருங்கண்காட்சி, 2025இல் அமெரிக்காவின் டொலீடோவுக்கும் பாஸ்டனுக்கும் சென்றது.